பதினேழு பூஜ்ஜியங்கள்

போன் வந்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆபீசில் இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையிலேயே எழுந்து வேலை பார்த்ததில் கண் எரிந்தது. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த வேலையை அன்று காலை ஐந்தரை மணிக்கு முடித்திருந்தேன்.

பேசியது சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீஷியன். அந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பதிவு செய்வது முதல் ரிப்போர்ட் காட்டுவது வரைக்குமான மென்பொருளை எங்கள் ஆபீஸ்தான் செய்து கொடுத்திருந்தது. அதன் டேட்டாபேஸையும், அதில் விவரங்கள் அடுக்கியிருக்கும் டேபிள்களையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்தப் பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள். அநாவசியமாகக் கூப்பிட மாட்டாள்.

"அக்கா, சிஸ்டத்துல ஏதாச்சும் மாத்தினீங்களா?"

"ஏன், என்னாச்சு?"

"ஒரு அம்மா காலையில ரத்தம் குடுத்தாங்க. மீன் விக்கிறவங்க. சுகர் முந்நூத்தி எண்பத்தி நாலு. நானே ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். இப்ப ஒயர் கூடைய மறந்து வச்சிட்டேன்னு திரும்ப வர்றாங்க. எல்லாம் நார்மல்னு டாக்டர் சொல்லிட்டாராம். சிரிச்சிகினே சொல்றாங்க."

"நீ டைப் பண்ணும்போது மாறிப் போச்சா?"

"நான் சரியாத்தான் போட்டேன். இப்ப அவுங்க பேரத் தொறந்தா நூத்தி ரெண்டுன்னு காட்டுது. நூத்தி ரெண்டு வேற ஒருத்தரோடது. என் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்க்கா."

டீயைக் கீழே வைத்தேன். காரணம் இன்னும் தெரியவில்லை. ஆனால் காலையில் நான் தொட்ட டேபிள்தான் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

"அந்தம்மாவ அனுப்பாத. உக்கார வை. ரெண்டு நிமிஷம் லைன்லயே இரு."

நோயாளிகளின் டேபிளைத் திறந்து, அன்று காலை புதிதாகப் பதிவானவர்களை மட்டும் கேட்டேன். பதினேழு பேர் வந்தார்கள். பெயர் சரி, வயது சரி, ஊர் சரி. முதல் கட்டத்தில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய எண் இருக்கும் இடத்தில், மேலிருந்து கீழ்வரை பூஜ்ஜியம். பதினேழு பேருக்கும் பூஜ்ஜியம்.

நான் செய்தது இதுதான். அந்த டேபிளில் பலர் இரண்டு மூன்று தடவை பதிவாகியிருந்தார்கள். ரிசப்ஷனில் அவசரத்தில் பழைய பெயரைத் தேடாமல் புதிதாகப் போட்டுவிடுவார்கள். அதையெல்லாம் களைந்து சுத்தமாக்கித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் நேரடியாகக் கை வைக்க யாருக்கும் தைரியம் வராது. அதனால் ஒரு நகல் எடுத்து, அதில் பழகிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு டேபிளை நகலெடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்றில், முதலில் டேபிளின் அமைப்பு வரும். எந்த எண் தானாக ஏற வேண்டும், எது இரண்டு தடவை வரக்கூடாது என்கிற விதிகள் எல்லாம் வரும். பிறகு விவரங்களை அதில் கொட்ட வேண்டும். இன்னொன்று ஒரே வரி வேலை. விவரங்கள் மட்டும் வரும், விதிகள் வராது. பழகிப் பார்க்கத்தானே என்று நான் ஒரு வரியில் எடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் அந்த நகலில் உழைத்தேன். இரட்டைப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன், நடுவில் புதிதாகப் பதிவானவர்களையும் அவ்வப்போது அதற்குள் கொண்டுவந்தேன். அது நகலென்பதே எனக்கு மறந்துபோகும் அளவுக்குச் சுத்தமாக வந்துவிட்டது. அன்று விடியற்காலையில், ஆஸ்பத்திரியில் பதிவு எதுவும் இல்லாத நேரம் பார்த்து, பழைய டேபிளின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் நகலுக்கு அதன் பெயரைக் கொடுத்தேன். வரிகளை எண்ணிப் பார்த்தேன். பத்துப் பழைய நோயாளிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. புதிதாக ஒரு பெயரைப் பதிந்து மட்டும் பார்க்கவில்லை. வேண்டாத பெயர் ஒன்று உள்ளே கிடக்குமே, அப்புறம் அதை வேறு அழிக்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

நோயாளி கையில் இருக்கும் சீட்டில் டோக்கனும் பெயரும்தான் இருக்கும். உள்ளே இருக்கும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் ரிப்போர்ட் அந்த எண்ணின் பேரில்தான் சேரும். டாக்டர் ஒரு புதுப் பெயரைத் தொட்டால், கணினி பூஜ்ஜியத்துக்கு வந்த கடைசி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டியிருக்கிறது. பெயர் இவருடையது. ரத்தம் வேறு யாருடையதோ.

"முந்நூத்தி எண்பத்தி நாலு யாருக்குப் போச்சு?" என்று நானும் அவளும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டுகள் தனி டேபிள். அதை நான் தொடவில்லை. அதில் பெயரும் டோக்கனும் நேரமும் இருந்தன. ஒன்பதே காலுக்கு ஒரு பெரியவருக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எழுதியிருந்தார்கள். வயது அறுபத்தெட்டு. ஊர் என்ற இடத்தில் 'புவனகிரி வழி' என்று மட்டும் இருந்தது. அவருடைய டோக்கன் எண்ணைச் சொன்னேன். அவள் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"தொண்ணூத்தி ஆறு. அவருக்கு சுகரே இல்லக்கா. தலை சுத்துதுன்னு வந்தாரு. வெறும் வயிறு. நேத்து ராத்திரியிலேர்ந்து சாப்பிடல."

"இப்ப எங்க இருக்காரு?"

அவள் ஓடினாள். மருந்துக் கவுண்டரில் கேட்டுவிட்டு மூச்சு வாங்கத் திரும்பினாள். பெரியவர் மாத்திரையை வாங்கி, அங்கேயே தண்ணீர் கேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாராம். ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கவுண்டரில் சொன்னதற்கு, வீட்டில் சோறு இருக்கிறது என்றாராம்.

"சுகர் இல்லாத ஆளு, வெறும் வயித்துல அத போட்டா என்ன ஆவும்?"

"எறங்கிடும்க்கா. ரொம்ப எறங்கிட்டா மயக்கம் வரும். ஃபிட்ஸ் வரும். அதுக்கு மேலயும்..." நிறுத்திக்கொண்டாள். பிறகு, "நீங்க பெரிய டாக்டர்கிட்ட பேசுங்க. நான் சொன்னா லேப்ல தப்பு பண்ணிட்டோம்னு ஆயிடும்" என்றாள்.

நான் முதலில் கூப்பிட்டது பெரிய டாக்டரை அல்ல. எங்கள் முதலாளியை. பத்து வருடப் பழக்கம், கை தானாக அந்த நம்பருக்குப் போனது. அவர் விழுப்புரத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தார். வெளியே வந்து கேட்டார்.

"பழைய டேபிள் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அத எடுத்து மாட்டு. பதினேழு பேரையும் கைல ஏத்து. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத. நெட்வொர்க் பிரச்சனைன்னு நான் பேசிக்கிறேன்."

"ஒருத்தரு மாத்திரை போட்டுட்டாரு சார்."

"ஒரு மாத்திரைல ஒண்ணும் ஆவாதும்மா. நீ மொதல்ல டேபிளப் பாரு."

டேபிளை மாற்றுவதற்கு நான்கு நிமிடம் ஆனது. நகலைத் தூக்கிவிட்டுப் பழையதைத் திரும்ப வைத்தேன். இந்தத் தடவை புதிதாக ஒரு பெயரைப் பதிந்து பார்த்தேன். எண் ஏறியது. அவசரத்தில் ஒரு கட்டளையை மூன்று தடவை தப்பாக அடித்தேன். பிறகு, முதலாளி சொன்னதை மீறி, பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி அவருடையது. அவரிடம் நான் அதுவரை நேராகப் பேசியதே இல்லை.

"சார், இன்னிக்குக் காலையில புதுசா வந்த பதினேழு பேரோட ரிப்போர்ட்டும் மாறிப் போயிருக்கு. லேப் மேல தப்பு இல்ல. நான் பண்ணின தப்பு. யாருக்கும் அதப் பாத்து மருந்து குடுக்க வேணாம்னு உடனே சொல்லிடுங்க. ஒருத்தர் சுகர் மாத்திரை போட்டுகிட்டு பஸ் ஏறிட்டாரு."

அவர் என்னைத் திட்டவில்லை. "அவரு பேரச் சொல்லு" என்றார். அடுத்த நிமிடம் அவர் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிடுவது போனில் கேட்டது. ஒரு அட்டெண்டர் பைக்கில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். புவனகிரி போகும் பஸ்களில் ஏறிப் பெயரைச் சொல்லிக் கூவிப் பார்த்திருக்கிறார். பலன் இல்லை. பெரியவர் போன பஸ் எப்போதோ புறப்பட்டிருந்தது.

மற்ற பதினாறு பேரையும் லேப் பெண்ணும் ரிசப்ஷனும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் ஆஸ்பத்திரியைத் தாண்டவே இல்லை. மீன் விற்கும் அம்மாவை மறுபடி டாக்டரிடம் அனுப்பினார்கள். பெரியவரின் பெயருக்கு நேராக இருந்த போன் நம்பரை நான் எடுத்துக்கொண்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. ஆறு தடவை கூப்பிட்டேன்.

"அது அவரு பையன் நம்பர்க்கா" என்றாள் லேப் பெண். "அவருகிட்ட போன் கெடையாதாம். ரத்தம் எடுக்கும்போது பேசிகினே இருந்தாரு. பையன் செம்மங்குப்பத்துல கம்பெனியில இருக்கானாம், இந்த வாரம் காலை ஷிப்டாம். மருமக பிரசவத்துக்கு மங்கலம்பேட்டை போயிருக்குதாம். அதான் சோறு அவரே வடிச்சிக்கிறாராம்."

"எந்த கம்பெனி?"

"அது சொல்லல."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போலீசுக்குச் சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்தப் பெரியவர் எந்த ஊர், எந்தத் தெரு, எந்த இடத்தில் இறங்குவார் என்று தெரிந்த ஒரே ஆள் செம்மங்குப்பத்தில் இருக்கிறான். நான் இருக்குமிடத்திலிருந்து அரை மணி நேரம்.

பழைய டவுனான ஓ.டி.யைத் தாண்டியதும் சிதம்பரம் ரோட்டில் அந்த வாடை வந்தது. கெமிக்கல் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் இடம். ஒவ்வொரு கேட்டிலும் செக்யூரிட்டிக்கு ஒரே மாதிரி நீல யூனிபாரம், ஒரே மாதிரி நோட்டு. முதல் கம்பெனியில் செக்யூரிட்டி கேட்டார், "ஆளு பேரு இன்னாம்மா?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. பையனின் பெயர் எனக்குத் தெரியாது. அப்பா பெயர்தான் தெரியும்.

"அப்பா பேரச் சொல்லிகினு வந்தா நான் எங்கப் போயி தேடுறது? உள்ள முந்நூறு பேரு இருக்காங்க."

"போன் நம்பர் இருக்குங்க. போனெல்லாம் கேட்டுலதானே வாங்கி வைப்பீங்க?"

அவருக்குப் பின்னால் சுவரில் மரத்தட்டு இருந்தது, சின்னச் சின்ன அறைகளாக. ஒவ்வொன்றிலும் ஒரு போன். நான் நம்பரைப் போட்டுவிட்டு என் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் அசையவில்லை.

இரண்டாவது கம்பெனியில் செக்யூரிட்டி என்னைக் கேட்டுக்கு அருகிலேயே விடவில்லை. லோன் வசூல் செய்ய வந்தவள் என்று நினைத்துவிட்டார். "அதெல்லாம் ஆளு வெளிய வந்ததும் பாத்துக்கம்மா" என்றார். "ஆஸ்பத்திரி விஷயம்ங்க, அவரோட அப்பா உயிரு" என்று நான் கத்தியதில், தூரத்தில் லாரிக்கு எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அப்புறம் இறங்கிவந்தார். போன் போடச் சொன்னார். அங்கேயும் எதுவும் அடிக்கவில்லை. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பெரியவர் மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல்.

மூன்றாவது கேட்டில் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நேராகச் செக்யூரிட்டி அறைக்குள் நுழைந்து நம்பரைப் போட்டேன். தட்டின் கீழ் வரிசையில் ஒரு போன் அதிர்ந்து, மரத்தில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஓரம் உடைந்த பழைய போன். திரையில் என் நம்பர் ஒளிர்ந்தது. ஏற்கெனவே நான் கூப்பிட்ட ஏழெட்டுத் தவறிய அழைப்புகளும் அதில் இருந்தன.

செக்யூரிட்டி இன்டர்காமில் சொல்ல, ஐந்து நிமிடத்தில் அவன் வந்தான். முப்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை.

"அப்பாவுக்கு இன்னா?"

சொன்னேன். சர்க்கரை இல்லாதவர், தப்பான ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டார்கள், எங்கே இருப்பார் என்று தெரியவில்லை. அவன் என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் போனை எடுத்தான். அவன் மனைவியின் அண்ணன் புவனகிரியில் பஞ்சர் கடை வைத்திருந்தார்.

"மச்சான், கடைய அப்படியே போட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடு. அப்பா அங்க மினி பஸ்ஸுக்குத்தான் நிப்பாரு. இல்லன்னா வீட்டுக்குப் போ. வழியெல்லாம் பாத்துகினு போ. மயக்கமா இருப்பாரு மச்சான். அப்புறம் சொல்றேன், மொதல்ல ஓடு."

பிறகு என்னைப் பார்த்து, "ஏறுங்க" என்று பைக்கைக் கிளப்பினான். நான் ஏறிக்கொண்டேன். ஸ்கூட்டி அங்கேயே நின்றது.

அவன் பின்னால் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க என் காதில் லேப் பெண் இருந்தாள். அவளிடம் கேட்டுக் கேட்டு வைத்துக்கொண்டேன். நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். படுக்க வைத்து ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. இதை நான் அவன் காதில் கத்தினேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஆலப்பாக்கம் போனது. ரோட்டில் நெல் காயப்போட்டிருந்த இடங்களில்கூட அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. மெதுவாகப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதுச்சத்திரம் நெருங்கும்போது அவன் போன் அடித்தது. ஓரம் கட்டினான். ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, இருக்காரு. பஸ் ஸ்டாண்டுல, மூடுன கடை வாசல்ல உக்காந்திருக்காரு. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. கை கால் ஒதறுது. பேச்சு கொழறுது மாப்ள. குடிச்சிட்டு உக்காந்திருக்காருன்னு ஒருத்தனும் கிட்ட போவல."

"கண்ணு தொறந்திருக்காரா?" என்று நான் கேட்டேன்.

"யாரு பேசுறது?"

"கண்ணு தொறந்திருக்காரா, நீங்க பேரு சொன்னா திரும்புறாரா?"

"திரும்புறாரு. ஆனா என்னைய யாருன்னு கேக்குறாரு."

"முழுங்குறாரான்னு கொஞ்சம் தண்ணி குடுத்துப் பாருங்க. முழுங்கினா டீக்கடையில சக்கரை வாங்கி, ஒரு டம்ளர் தண்ணியில நாலு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் குடுங்க. மெதுவா. போன வெச்சிடாதீங்க."

அந்தப் பக்கம் சத்தமெல்லாம் கேட்டது. யாரோ டம்ளர் கொண்டுவரச் சொன்னார்கள். டீக்கடைக்காரர் "எதுக்குப்பா இவ்ளோ சக்கரை?" என்று கேட்டார். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பையன் பைக்கின் ஹேண்டில் மீது இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"முழுங்குறாரு. பாதி மேல ஊத்திக்கிறாரு, ஆனா முழுங்குறாரு."

"குடுத்துகிட்டே இருங்க."

எத்தனை நிமிடம் என்று தெரியாது. பிறகு போனில் இன்னொரு குரல் கேட்டது, மெலிந்து, எரிச்சலாக. "போதும்டா, இன்னாடா இது பாயசம் மாரி." பையன் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் பைக்கிலிருந்து இறங்கி ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தேன். காலையிலிருந்து டீயைத் தவிர வயிற்றில் எதுவும் இல்லை.

பி.முட்லூரில் வலப்பக்கம் திரும்பி நாங்கள் போய்ச் சேர்வதற்குள், மச்சான் அவரை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இந்த மாத்திரையின் வேலை சீக்கிரம் போகாது, மறுபடியும் இறங்கும், நாளை வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். பெரியவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். மகனைப் பார்த்ததும், "ஷிப்ட்ட வுட்டுட்டா வந்த?" என்று கேட்டார். அதுதான் அவருடைய முதல் கவலை.

வராந்தாவில் பையன் என்னிடம் வந்தான். "ரொம்ப தேங்க்ஸ்ங்க. நீங்க அந்த ஆஸ்பத்திரியில நர்ஸா?"

அப்போதுதான் புரிந்தது, நான் யாரென்று அவனுக்குச் சொல்லவே இல்லை என்று. அந்தக் கணத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. அவன் கண்ணில் இருந்த நன்றி எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"இல்லங்க. அந்த ஆஸ்பத்திரியோட கம்ப்யூட்டர் வேலைய நான் பாக்கறேன். ரிப்போர்ட் மாறினது என்னாலதான். காலையில நான் ஒரு மாத்தம் பண்ணினேன். சரியா பாக்காம பண்ணிட்டேன்."

அவன் புரியாதவன்போல என்னைப் பார்த்தான். புரிந்தபோது முகம் இறுகியது. மச்சான் எழுந்து வந்தார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். பையன் மச்சானைக் கையால் தடுத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"எங்க கம்பெனியில ஒரு வால்வத் தொறக்கணும்னா நான் ஒருத்தனா தொறக்க முடியாதுங்க. நான் எழுதிக் குடுக்கணும். ரெண்டாவது ஆளு வந்து பாத்து கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் தொடணும். உங்க வேலையில ரெண்டாவது ஆளு கெடையாதா?"

"இல்லங்க."

"இன்னாங்க இது" என்றான். உள்ளே போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

பிற்பகலில் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். முதலாளி எனக்கு முன்பே வந்து பெரிய டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தார். நெட்வொர்க், சர்வர் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். பெரிய டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். "காலையில போன்ல சொன்னியே, அத இவருக்கு முன்னாடி திரும்பச் சொல்லு" என்றார். நகல் எடுத்தது, விதிகள் வராமல் போனது, புதுப் பெயரைப் பதிந்து பார்க்காமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி மேஜையின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கேட்டார், "மறுபடியும் இந்த மாதிரி ஆவாதுன்னு எழுதிக் குடுக்க முடியுமா?"

"நான் ஒரு ஆளா பாக்கற வரைக்கும் முடியாது சார்" என்றேன். அது திமிராகப் பட்டிருக்கலாம். எனக்குப் பையனின் கேள்விக்கு வேறு பதில் இல்லை.

அவர் தலையை ஆட்டினார். மருந்து எழுதிய டாக்டர் தரப்பிலும் தப்பு உண்டு என்று அவரே சொன்னார். முந்நூற்றுக்கு மேல் பார்த்தால் விரலில் குத்தி மறுபடி ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும், கூட்டத்தில் விட்டுவிட்டார்கள் என்றார். லேப் பெண்ணைக் கூப்பிட்டு எங்கள் எதிரிலேயே பாராட்டினார். அவள் அழுதுவிட்டாள். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

முதலாளி திரும்பி வரும்போது காரில் என்னை ஏற்றிக்கொண்டார். செம்மங்குப்பத்தில் ஸ்கூட்டிக்காக இறங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பழைய பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரி ஆறு மாதம் எங்களுடன் இருந்துவிட்டு வேறு மென்பொருளுக்கு மாறியது. அதற்குச் சற்று முன்பே நான் வேலையை விட்டுவிட்டேன். முதலாளி போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. இப்போது இருக்கும் இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் டேபிளை யார் தொட்டாலும் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தேன். என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு அது அலுப்பாக இருக்கிறது. "ஒரு லைன் மாத்துறதுக்கு ரெண்டு பேரா மேடம்?" என்பார்கள். நான் விடுவதில்லை.

பெரியவர் மறுநாள் வீடு திரும்பினார். தலைசுற்றலுக்குக் காரணம் காதில் உள்ள கோளாறு என்று பிறகு வேறு இடத்தில் கண்டுபிடித்தார்களாம். இதை எனக்குச் சொன்னது பையன்தான். இரண்டு மாதம் கழித்து, எதிர்பாராத நேரத்தில், அவன் நம்பரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். கீழே, "இது எங்கப்பாவோடதுதான்னு பாத்து சொல்லுங்க" என்று எழுதியிருந்தான்.

அந்த லேப் எனக்குப் பழக்கமில்லாதது. அங்கே என்ன மென்பொருள் ஓடுகிறது என்றுகூடத் தெரியாது. படத்தைப் பார்த்து ஒரு ரத்தம் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை அவனுக்கு எழுதினேன். அந்த லேபுக்குப் போன் செய்து, பெயர், வயது, எடுத்த நேரம், அவர்களுடைய நோட்டில் இருக்கும் அளவு எல்லாவற்றையும் கேட்டு ஒத்துப்பார்க்கலாம் என்றேன். "நீங்களே கேட்டுச் சொல்லிடுங்க" என்று பதில் வந்தது. கேட்டேன். எரிச்சலோடுதான் சொன்னார்கள். சரியாக இருந்தது. சரி என்று எழுதினேன்.

அன்றிலிருந்து மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை படம் வருகிறது. வணக்கம், நலமா எதுவும் இருக்காது. சென்ற மாதம் வந்தது பெரியவருடையது அல்ல, அவன் குழந்தையுடையது. காய்ச்சல், பிளேட்லெட் எண்ணிக்கை. நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். எழுந்து வெளியே வந்து, அந்த லேபின் நம்பரைத் தேடி எடுத்துப் போன் செய்தேன்.